சிவப்பு மரத் தெரு

என் அக்காவின் கணவர் அஞ்சல் பிரிக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறார். முப்பது வருடமாக அதே கூடம், அதே நீள மேஜை, எதிரே புறாக்கூண்டு மாதிரி அடுக்கடுக்கான மரத் தட்டுகள். கூடத்தில் அவருக்கு ‘முகவரி’ என்று பெயர். உறை மழையில் நனைந்து பாதி எழுத்து கரைந்து போயிருந்தாலும், மிச்சமிருக்கும் நாலு எழுத்தை வைத்து இது இன்ன ஊர், இன்ன தெரு, ஆற்றுப் பக்கம் என்று சொல்லிவிடுவார். ஆனால் அந்தத் தெருக்களில் ஒன்றில்கூட அவர் கால் பட்டதில்லை. வீடு, பேருந்து, கூடம், பேருந்து, வீடு. அவ்வளவுதான் அவர் கண்ட உலகம்.

நான் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறேன். யார் எதை வரைந்தாலும் கடைசியில் என் மேஜைக்குத்தான் வந்து சேரவேண்டும். அதனாலேயே ஓவியர்கள்மீது எனக்குப் பெரிய பக்தி கிடையாது. பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போடுவதில் இருக்கிற அக்கறை படத்தில் இருக்காது. அத்தான் மட்டும் வேறு ரகம். இதை அவரிடம் நான் சொன்னதில்லை. சொல்லிவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு அவரைத் திட்டுவது?

அவர் வரைய ஆரம்பித்தது ஐம்பத்தொரு வயதில். மகள் வேலை கிடைத்து வெளியூர் போனபோது தன் பழைய கணினியை விட்டுவிட்டுப் போனாள். அதே வாரம் கூடத்தில் ஒரு உறை வந்தது. தெருவின் பெயரிலேயே மூன்று மரங்கள். அந்தத் தெருவுக்கு எத்தனையோ ஆயிரம் கடிதம் பிரித்துப் போட்டிருக்கிறார், அங்கே நிஜமாகவே மூன்று மரம் இருக்கிறதா என்று அன்றைக்குத்தான் தோன்றியதாம். வீட்டுக்கு வந்து இணைய வரைபடத்தைத் திறந்து, தெருவையே நேரில் நின்று பார்ப்பதுபோல் காட்டுகிற அந்தப் பகுதிக்குள் போனார். மரம் ஒன்றுகூட இல்லை. மூன்று டயர் கடைகள் இருந்தன. வாய்விட்டுச் சிரித்தவர், மகளின் பழைய நோட்டை எடுத்து அந்த டயர் கடைகளைப் பென்சிலால் வரைந்தார். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

ஒரு தெருவை வரைவதென்றால் முதலில் அதில் நடக்கவேண்டும் என்பது அவர் சட்டம். திரையில் அம்புக்குறியை ஒவ்வொரு தட்டாகத் தட்டி, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போவார். தாவிப் போகமாட்டார். திரும்பி வரும்போது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு வருவார். கால் மணி நேரத்தில் நடந்து முடிக்கிற தெருவுக்கு அவருக்கு ஒரு வாரம் ஆகும். அப்புறம் ஓர் இடத்தில் நிற்பார். அந்த இடத்தைத்தான் வரைவார்.

வரைந்தால் எதையும் விடமாட்டார். குப்பைத் தொட்டி, மின்கம்பி, சுவரில் கிழிந்து தொங்கும் சுவரொட்டி, தெருவைப் படமெடுத்துப் போன கேமரா வண்டியின் நிழல், எல்லாம் இருக்கும். இரண்டு புகைப்படங்களை ஒட்டிய இடத்தில் மின்கம்பி அந்தரத்தில் அறுந்து நின்றால் அறுந்தபடியே வரைவார். இடுப்புக்குக் கீழே காணாமல் போன ஆள் ஒருவர் அவர் படமொன்றில் சைக்கிள் ஓட்டுகிறார். முகங்களை அந்த வரைபடத்தில் அடையாளம் தெரியாதபடி கலைத்துத்தான் வைத்திருப்பார்கள். கலைந்த முகத்தைக் கலைந்தபடி வரைவதற்கு முழு முகத்தைவிட அதிக நேரம் ஆகிறது என்று புலம்புவார்.

“அந்தக் குப்பைத் தொட்டியை மட்டும் எடுத்துட்டா படம் எவ்வளவு எடுப்பா இருக்கும் தெரியுமா” என்று ஒருமுறை சொன்னேன்.

“அங்க இருக்கே மச்சான்.”

“இருந்தா என்ன? யாரு போய்ப் பார்க்கப் போறா?”

“அந்தத் தெருக்காரன் பார்த்தா?”

தொட்டியோடு சேர்த்துத்தான் சட்டம் போட்டேன்.

நிறமும் அப்படித்தான். நான் அவர் படத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். வெயில் பட்ட ஓட்டின் சிவப்பு ஒன்று, நிழல் விழுந்த ஓட்டின் சிவப்பு வேறு, பாசி பிடித்த ஓரத்தில் இன்னொன்று. மூன்றும் அச்சு அசலாக இருக்கும். கண் என்றால் இது கண் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தக் கண்ணின் லட்சணம் எனக்குத் தெரிய வந்தது போன வருடம். கடையில் பழைய புகைப்படங்களைப் பெரிதாக்குவதற்காக ஒரு ஸ்கேனர் வைத்திருக்கிறேன். அத்தான் வாரம் தவறாமல் ஒரு கட்டு அட்டைகளோடு வருவார். சீட்டுக்கட்டு அளவில் வெள்ளை அட்டை, ஒவ்வொன்றிலும் ஒரு நிறம் பூசியிருக்கும், பின்னால் ‘மூன்றில் இரண்டு சொட்டு, ஐந்தில் ஏழு சொட்டு’ என்று எழுதியிருக்கும். இதையெல்லாம் ஸ்கேன் செய்து கொடு என்பார். கேட்டால் “ஒரு கணக்குக்கு” என்பார். நானும் மனசுக்குள் வைதுகொண்டே செய்து கொடுத்தேன். அறுநூற்று நாற்பது அட்டை. கடைசிக் கட்டு வந்த அன்று கடையில் வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டிருந்தார்கள், எனக்குப் பொறுமை போய்விட்டது. “அந்தச் சிவப்பு அட்டையை மட்டும் எடுத்துக் குடுங்க, மத்ததை நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்றேன். அவர் பச்சை அட்டையை எடுத்து நீட்டினார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் இல்லை என்று தெரிந்தது. வாடிக்கையாளர்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

இருபது வயதில் ரயில் ஓட்டும் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறார். மருத்துவர் புள்ளிபுள்ளியாக இருந்த ஒரு புத்தகத்தைத் திறந்து எண்ணைப் படிக்கச் சொன்னாராம். இவருக்குப் புள்ளிதான் தெரிந்தது, எண் தெரியவில்லை. சிவப்பும் பச்சையும் அவருக்குப் பிறவியிலிருந்தே ஒன்றுதான். வேலை போயிற்று. வெளியே மூச்சு விடாதே, கண் கோளாறு என்று தெரிந்தால் எவனும் பெண் தரமாட்டான் என்று வீட்டில் வாயை அடைத்துவிட்டார்கள். அப்படி வாயை மூடிக்கொண்டு வந்து என் அக்காவைக் கட்டியவர்தான் இவர்.

திரையில் சுட்டியை வைத்தால் அந்த இடத்தின் நிறத்தை எண்ணாகச் சொல்லும் ஒரு சின்னச் செயலியை எங்கோ கண்டுபிடித்திருக்கிறார். தன் வண்ணக் குப்பிகளின் மூடிகளில் அழியாத மையால் ஒன்றிலிருந்து ஒன்பதுவரை எண் எழுதி, மருந்து விடும் சொட்டுக்குழாயால் சொட்டுச் சொட்டாகக் கலந்து, அட்டையில் பூசி, என் ஸ்கேனரில் கொடுத்து, அந்த நிறத்துக்கு என்ன எண் வருகிறது என்று எழுதி வைத்திருக்கிறார். தெருவில் ஓர் ஓட்டின் எண்ணைப் பார்க்கவேண்டியது, அதே எண்ணுள்ள அட்டையைத் தேடவேண்டியது, பின்னால் எழுதியிருக்கிற சொட்டைக் கலக்கவேண்டியது. வாழ்நாள் முழுக்க அஞ்சல் குறியீட்டு எண்ணைப் பார்த்து உறையைத் தட்டில் போட்டவர் அல்லவா. பார்க்கவே முடியாத நிறத்தை அந்த மனிதர் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தார். நேரில் ஒரு மரத்தைப் பார்த்து அவரால் வண்ணம் தீட்ட முடியாது. திரையில் இருந்தால்தான் முடியும்.

எனக்கு ஒரு பக்கம் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. இன்னொரு பக்கம் ரத்தம் கொதித்தது. “என் அக்கா தலையில இப்படி மிளகாய் அரைச்சிட்டீங்களே” என்றேன்.

“கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கணும். சொல்லல. மறுநாள் சொல்ல ரெண்டு பங்கு தைரியம் வேண்டியிருந்தது. அதுக்கு மறுநாள் நாலு பங்கு. இப்ப இருபத்தேழு வருஷம் ஆச்சு மச்சான். நீயே கணக்குப் போட்டுப் பாரு.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனிதரை அன்றுதான் பார்த்தேன். மறைத்த விதம்தான் வேடிக்கை. எந்தக் கடைக்குப் போனாலும் “உனக்குப் பிடிச்சதை எடு, நீ சொன்னா சரி” என்பார். அத்தான் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார் பார் என்று என் மனைவி என்னைக் குத்திக் குத்தியே ரணமாக்கியிருக்கிறாள். அக்காவுக்கோ அதில் தலைகால் புரியாத பெருமை. அந்தப் பெருமையை நினைத்துத்தான் நானும் வாயை மூடிக்கொண்டேன். சொன்னால் அவள் உடைந்துபோவாள் என்று அவரும் பயந்தார், நானும் பயந்தேன்.

இப்படி இருக்கும்போது இந்த வருடம் எங்கள் பகுதி நூலகத்தில் அவருடைய படங்களை வைக்கக் கேட்டார்கள். பன்னிரண்டு படங்கள், ஒரு மாதம் சுவரில் இருக்கும். பதினொன்று தயார், ஒன்று வரையவேண்டும். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வருகிற வாரம் என் வீட்டுக்காரர் படம் சுவரில் ஏறப்போகிறது, அவர் மேஜை இப்படியா கிடப்பது என்று ஒரு நாள் அவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் துடைத்தாள். பிசுக்குப் பிடித்த குப்பிகளை வெந்நீர் தொட்டுத் தேய்த்தாள். ஒட்டியிருந்த சீட்டுகள் உரிந்து போயின. மூடிகளை ஒரு கிண்ணத்தில் ஊறவைத்துக் கழுவி, கைக்கு வந்தபடி ஒவ்வொன்றாக மூடி வைத்தாள். உள்ளே இருக்கிற நிறம்தான் கண்ணுக்குத் தெரிகிறதே, மூடி எதுவாக இருந்தால் என்ன?

பன்னிரண்டாவது படம் கடைசி நேரத்தில்தான் முடிந்தது. நான் சரக்கு வாங்க வெளியூர் போயிருந்ததால், வீட்டில் இருந்த பழைய சட்டமொன்றில் போட்டு அவர்களே நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். திறப்பு நாள் மாலையில்தான் நான் அதைப் பார்த்தேன்.

வாசிப்பு அறையின் நடுச்சுவரில், மற்றப் படங்களை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டு, அதைத்தான் மாட்டியிருந்தார்கள். சரிவில் இறங்கும் ஒரு தெரு. இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள், வீட்டுக்கு ஒரு மரம். மேலே நல்ல நீல வானம். மரங்கள் எல்லாம் செங்கல் சிவப்பு. ஓடுகள் எல்லாம் இலைப் பச்சை. புல் துருப்பிடித்துக் கிடந்தது. ஆனாலும் உள்ளதைச் சொல்லவேண்டும், படம் நின்று பார்க்க வைத்தது.

அத்தானைக் குடிநீர்க் குழாய்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். “மூணாம் எண் சிவப்பும் ஆறாம் எண் பச்சையும் மாறியிருக்கு” என்றேன்.

அவர் குழாயை இறுக்கி மூடினார். “நீலமும் மஞ்சளும் இடம் மாறியிருந்துச்சு. அது எனக்கே தெரிஞ்சது, மூடியை மாத்திப் போட்டேன். அதைத் திருத்தினதும் எல்லாம் சரியாயிட்டதா நினைச்சிட்டேன்” என்றார். பிறகு, “ரொம்ப மோசமா இருக்கா?”

“மோசமா இருந்தா பரவாயில்லையே. நல்லா இருக்கு. அதான் நடுவுல மாட்டியிருக்காங்க. பேசாம இருங்க அத்தான். யாராவது கேட்டா, புதுசா முயற்சி பண்ணேன்னு சொல்லிடுங்க. அக்காவும் அப்படித்தான் நினைச்சிட்டிருக்கா. இத்தோட முடிஞ்சுது.”

அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். நாற்பது பேர் இருந்தார்கள். அஞ்சல் கூடத்து ஆட்கள் பாதி. அக்கா முன்வரிசையில், பக்கத்தில் இருந்தவரிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நூலகர் நன்றாகப் பேசக்கூடிய பெண்மணி. “பதினோரு படத்துல இவரோட கண் வேலை செஞ்சிருக்கு. பன்னிரண்டாவதுலதான் மனசு வேலை செஞ்சிருக்கு. மரத்தைச் சிவப்பா பார்க்க ஒரு தைரியம் வேணும்” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அக்காதான் கடைசிவரை தட்டினாள். பிறகு அவரை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

அத்தான் எழுந்து நின்றார். சும்மா நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். உட்காருங்கள், உட்காருங்கள் என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன்.

“இந்தப் படம் தப்பு” என்றார். “அந்தத் தெருவுல மரம் எல்லாம் பச்சை. ஓடு எல்லாம் சிவப்பு. நான் வேணும்னு மாத்தல. எனக்கு அது ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும், பொறந்ததுலேருந்து. மத்தப் படத்துல எல்லாம் எண்ணைப் பார்த்துக் கலந்தேன். இதுல எண் மாறிப்போச்சு. அந்தத் தெருவுல குடியிருக்கறவங்க யாராவது இதைப் பார்த்தா, நம்ம தெரு இப்படியான்னு நினைப்பாங்க. தயவுசெஞ்சு கழட்டிடுங்க.” முன்வரிசையைப் பார்த்தார். “இது என் சம்சாரத்துக்கும் தெரியாது. இப்பதான் தெரியுது.”

அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு வந்த மரியாதை வேறு யார்மேலும் வந்ததில்லை. ஒரு புகழ்ச்சியைச் சும்மா வாங்கிக்கொண்டு காலம் முழுவதும் தப்பித்திருக்கக்கூடிய மனிதர், யாரோ ஊர் பேர் தெரியாத தெருக்காரருக்காக எழுந்து நின்று தன்னைக் காட்டிக்கொடுத்தார்.

அக்கா எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. வந்த எல்லோரையும் வழியனுப்பும்வரை சிரித்த முகமாக நின்றாள். அந்தச் சிரிப்பை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அது வீடு போய்ச் சேரும்வரைதான் தாங்கும்.

பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது. “வேற யாருக்குத் தெரியும்?” என்றாள்.

நான் கடைகளின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தேன்.

“டேய், நீயுமா?”

“ஒரு வருஷமாத்தான்க்கா.”

“ஒரு வருஷமாத்தான்” என்று என்னைப்போலவே பழித்துக் காட்டினாள். பிறகு அவரிடம் திரும்பினாள். “சட்டை எடுத்தா நீ சொன்னா சரி. திரைச்சீலை எடுத்தா நீ சொன்னா சரி. என் ரசனைமேல அவ்வளவு நம்பிக்கைன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டிருந்தேன். கண்ணு தெரியாமதான் சொன்னீங்களா?”

“நம்பிக்கைதான். தெரிஞ்சிருந்தா நம்பிக்கை எதுக்கு?” என்றார் அவர்.

நல்ல பதில்தான். நேரம்தான் சரியில்லை. அவள் வேகமாக முன்னால் நடந்து போய்விட்டாள்.

எட்டு நாள் அவரோடு பேசவில்லை. எல்லாம் என் வழியாக நடந்தது. நான் கடையில் கண்ணாடி அறுத்துக்கொண்டிருப்பேன், தொலைபேசி அடிக்கும். “மேஜைமேல சாப்பாடு இருக்குன்னு உங்க அத்தான்கிட்ட சொல்லு.” அவர் அவளுக்கு அடுத்த அறையில் இருப்பார். கோபமாக இருந்தால்கூடப் பரவாயில்லை. குரலில் கோபம் இல்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. இந்த வீடு இனி இப்படியே போய்விடுமோ என்று அத்தான் என் கடைக்கு வந்து உட்கார்ந்து கண்கலங்கினார்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அக்கா என்னை வரச்சொன்னாள். போனால், ஜன்னலோரம் அவர் மேஜையை இழுத்துப் போட்டு, புதிதாக ஒரு தாளை ஒட்டி வைத்திருக்கிறாள். கண்ணைப் பறிக்கிற சிவப்பில் ஓர் உடை உடுத்தியிருந்தாள். அவ்வளவு சிவப்பில் அவளை நான் பார்த்ததே இல்லை.

“வரைங்க” என்றாள் அவரிடம். எட்டு நாளில் முதல் வார்த்தை.

“எதை?”

“நம்ம தெருவை. கணினியைத் தொடக்கூடாது. அந்த அட்டைப் பெட்டியைத் திறக்கக்கூடாது. நான் கீழே பஸ் நிறுத்தத்துல போய் நிக்கறேன். ஜன்னல் வழியா உங்க கண்ணுக்கு என்ன தெரியுதோ அதை வரைங்க. இருபத்தெட்டு வருஷமா நீங்க எதைப் பார்த்துட்டு இருந்தீங்கன்னு எனக்குத் தெரியணும்.”

போய்விட்டாள். அத்தான் குப்பிகளைப் பார்த்தார். மூன்றையும் ஆறையும், அதாவது சிவப்பையும் பச்சையையும், எடுத்து என் கையில் கொடுத்தார். “இது ரெண்டும் வேண்டாம். எனக்கு இதையும் இதையும் கலந்தாலே அது ரெண்டும் வந்துடும்” என்று மஞ்சளையும் கறுப்பையும் தொட்டுக் காட்டினார். நீலம், மஞ்சள், கறுப்பு, வெள்ளை. நாலே குப்பி. அவர் கை முதல்முறையாக எதையும் சரிபார்க்காமல் வேகமாகப் போனது. பேருந்துகள் வந்தன, போயின. கீழே நின்றவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அக்கா மட்டும் எதிலும் ஏறாமல் நின்றாள். ஓட்டுநர் ஒருவர் வண்டியை நிறுத்தி அவளிடம் ஏதோ கேட்டுவிட்டுப் போனார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து மேலே வந்தாள். தாளைப் பார்த்தாள். வானம் எங்களுக்குத் தெரிகிற அதே நீலம். மற்றது எல்லாம் அழுக்கு மஞ்சளில் கூடுதலும் குறைச்சலுமாக இருந்தது. மரங்கள், தபால்பெட்டி, எதிர்வீட்டுக் கதவு, நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் வேலிச்செடி, அதன் முன்னால் கட்டைவிரல் அளவில் ஏழு பேர். யாரும் தனித்துத் தெரியவில்லை.

“இதுல நான் எங்க?” என்றாள்.

நானும் தேடினேன், எனக்குத் தெரியவில்லை. அவர் விரலை வைத்தார். வேலியோடு வேலியாக, அதே நிறத்தில் ஓர் உருவம்.

“நான் இவ்வளவு சிவப்புல நின்னேனே. உங்களுக்குச் செடியும் நானும் ஒண்ணா? அப்புறம் சந்தையில, ரயிலடியில, அத்தனை கூட்டத்துல என்னை எப்படிங்க கண்டுபிடிச்சீங்க? ஒரு தடவைகூட என்னைத் தவறவிட்டதில்லையே.”

“உன்னைக் கலரை வெச்சுத் தேடினதே இல்லையே” என்றார் அத்தான். “நீ எங்க நின்னாலும் இடது கால்லதான் பாரத்தைப் போட்டு நிப்ப. வலது முட்டி கொஞ்சம் மடங்கியிருக்கும். அப்படி நிக்கறவங்க வேற யாரும் இல்ல. எவ்வளவு தூரத்துல நின்னாலும் எனக்குத் தெரிஞ்சிடும்.”

அக்கா படத்தை மறுபடி பார்த்தாள். அப்புறம் குனிந்து தன் காலைப் பார்த்தாள். பாரம் முழுவதும் இடது காலில்தான் இருந்தது.